பேட்டரி மாற்றி மாளவில்லை: நூற்பாலை மோட்டார் சென்சார்களுக்குச் சுற்றுப்புறத்திலிருந்தே மின்சாரம் எடுக்க முடியுமா?

கேள்வி: ஆலைப்பராமரிப்பு_கோவை

அனைவருக்கும் வணக்கம். கோவைக்கு அருகில் உள்ள ஒரு நூற்பாலையில் மின் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கிறேன். பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூமில் தொடங்கி, நூல் முறுக்கும் ரிங் ஃப்ரேம், காற்றின் ஈரப்பதத்தைக் காக்கும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் விசிறிகள் வரை மொத்தம் 180 மோட்டார்களில், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதிர்வையும் வெப்பநிலையையும் அளந்து நான்கு எண்களாக ப்ளூடூத் வழியாக அனுப்பும் சிறிய சென்சார்களைச் சென்ற ஆண்டு பொருத்தினோம். பேரிங் கெட்டுப்போவதை முன்கூட்டியே அறிய வேண்டும் என்பதுதான் நோக்கம். அது நன்றாகவே நிறைவேறுகிறது. சத்தம் காதில் விழுவதற்கு முன்பே இரண்டு மோட்டார்களில் பேரிங் மாற்றிவிட்டோம்.

பேட்டரிதான் எங்களைப் படுத்துகிறது. ஒவ்வொரு சென்சாரிலும் ஒரு சி.ஆர். 2032 பொத்தான் பேட்டரி இருக்கிறது. அது நான்கு மாதத்தில் தீர்ந்துவிடுகிறது. 180 சென்சார்களுக்கு ஆண்டுக்கு 540 பேட்டரிகள் ஆகின்றன. விலையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், வேலையைத்தான் பொறுக்க முடியவில்லை. ஃபிட்டர் இயந்திரத்தின் கோடியில் குனிந்து, மூடியின் மேல் மெத்தைபோல் படிந்திருக்கும் பஞ்சைத் துடைத்து, நான்கு சிறு திருகுகளைக் கழற்றி, பேட்டரியைத் தள்ளி எடுத்து, புதியதைச் செருக வேண்டும். சென்ற வாரம் ஒரு திருகு கைநழுவி பெல்ட் மூடிக்குள் விழுந்துவிட்டது. அதை எடுப்பதற்காக ஓடிக்கொண்டிருந்த ஒரு ரிங் ஃப்ரேமையே நிறுத்த வேண்டியதாயிற்று.

மோட்டார் நாள் முழுவதும் அதிர்கிறது, சுடுகிறது, தலைக்கு மேல் விளக்குகள் எரிகின்றன. இத்தனைக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் சென்சார் மட்டும் பட்டினி கிடப்பானேன் என்ற எண்ணம் எனக்கு வந்துவிட்டது. ஜெர்மனியின் என்ஓஷன் நிறுவனம் விற்கும் சுவிட்சுகள், விரல் அழுத்தும் விசையிலிருந்தே மின்சாரம் எடுத்து ரேடியோ செய்தி அனுப்புகின்றன என்று படித்தேன். அதுபோல அதிர்விலிருந்தோ வெப்பத்திலிருந்தோ ஒளியிலிருந்தோ எடுத்து இந்தச் சென்சார்களை ஓட்ட முடியுமா? செய்து பார்த்தவர்கள் வழிகாட்டினால் பெரிதும் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: மின்சுற்று_மதுரை

ஐயா, எதிலிருந்து எடுப்பது என்பதற்கு முன்னால், எவ்வளவு வேண்டும் என்பதைப் பார்த்துவிடுவோம். அதற்கான விடை உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

ஒரு சி.ஆர். 2032 பேட்டரியில் ஏறத்தாழ 225 மில்லிஆம்பியர்-மணி, அதாவது 3 வோல்ட்டில் சுமார் 2,400 ஜூல் ஆற்றல் இருக்கும். அது நான்கு மாதத்தில், அதாவது ஒரு கோடி வினாடிக்குச் சற்று மேலான காலத்தில், தீர்கிறது என்றால் உங்கள் சென்சார் சராசரியாக 230 மைக்ரோவாட் செலவழிக்கிறது. மின்னோட்டமாகச் சொன்னால் 75 மைக்ரோஆம்பியருக்கும் சற்று மேல். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து நான்கு எண்களை ப்ளூடூத்தில் அனுப்பும் கருவிக்கு இது மிக அதிகம். இன்றைய ப்ளூடூத் சில்லுகள் உறக்கத்தில் 2 மைக்ரோஆம்பியர் அளவில்தான் எடுக்கும். அனுப்பும்போது 5 மில்லிஆம்பியர் போல எடுத்தாலும், அது சில மில்லிவினாடிகளில் முடிந்துவிடும். ஆகவே உங்கள் பேட்டரியைத் தின்பது அளவீடும் அன்று, ரேடியோவும் அன்று. தூங்க வேண்டிய நேரத்தில் ஏதோ ஒன்று தூங்காமல் இருக்கிறது என்பதே என் ஊகம்.

என்ஓஷன் சுவிட்சை இதனோடு ஒப்பிட வேண்டாம். ஓர் அழுத்தத்தில் அதற்குக் கிடைப்பது சில நூறு மைக்ரோஜூல் அளவே. ஆனால் அழுத்தாத நேரத்தில் அதற்குச் செலவே கிடையாது. உங்கள் சென்சாருக்குக் கடிகாரமாவது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

உறக்க நிலை மின்னோட்டத்தைச் சாதாரண மல்டிமீட்டரைத் தொடரில் வைத்து அளக்க வேண்டாம். மைக்ரோஆம்பியர் வரம்பில் மீட்டருக்குள்ளேயே வோல்ட்டேஜ் விழுந்து, ரேடியோ விழிக்கும் கணத்தில் சில்லு அணைந்து மறுபடி தொடங்கிவிடும். அதைவிட எளிய வழி இருக்கிறது. 10,000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை 3.2 வோல்ட்டுக்கு ஏற்றி, பேட்டரிக்குப் பதிலாக அதையே சென்சாருக்கு இணைத்து, 2.7 வோல்ட்டுக்கு இறங்க எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். அந்த அரை வோல்ட்டில் வெளியேறும் மின்னூட்டம் 5 மில்லிகூலும். அதை வினாடியால் வகுத்தால் மின்னோட்டம் கிடைத்துவிடும். சென்சார் இல்லாமல் ஒருமுறை அளந்து, மின்தேக்கியின் சொந்தக் கசிவைக் கழித்துக்கொள்ளுங்கள். மீட்டரையும் தொடர்ந்து இணைத்து வைக்காமல், இடையிடையே தொட்டுப் பார்த்தால் போதும்.

பதில் 2: பழைய_மில்காரர்

மதுரை நண்பர் சொன்ன கணக்கை முதலில் முடித்துவிடுங்கள். அதற்கிடையில், நாங்கள் வேறொரு ஆலையில் மூன்று வழிகளையும் முயன்று பார்த்த அனுபவத்தை எழுதுகிறேன்.

ஒளியில் தொடங்கினோம். வெட்டவெளி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் என்றால், ஆலைக்குள் நடைபாதையில் 200 லக்ஸ் இருக்கும்; மோட்டார் இருக்கும் மூலையில் அதுவும் இருக்காது. வீட்டுக்குள் பயன்படும் அமார்ஃபஸ் சிலிக்கான் சூரியத் தகடு 200 லக்ஸில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மைக்ரோவாட் அளவில் கொடுக்கும். உள்ளங்கையில் பாதி அளவுள்ள தகட்டுக்குச் சுமார் 120 மைக்ரோவாட் கிடைக்க வேண்டும். முதல் நாள் ஏறக்குறைய கிடைத்தது. ஆனால் ஒரு ஷிப்ட் முடிவதற்குள் தகட்டின் மேல் பஞ்சு இழைகள் படிந்து, துடைத்தால் விரலோடு ஒரு திரிபோல உருண்டு வந்தது. மேலே ஓடும் ஓவர்ஹெட் கிளீனர் ஊதித் தள்ளும் தூசி எல்லாம் நேராக அங்கேதான் இறங்குகிறது. ஒரு வாரத்தில் வெளியீடு பாதிக்கும் கீழே போய்விட்டது. பேட்டரி மாற்றும் வேலை போய், தகடு துடைக்கும் வேலை வந்து சேர்ந்தது.

அடுத்து அதிர்வு. அடுப்பு பற்றவைக்கும் லைட்டரை அழுத்தினால் தீப்பொறி பறக்கிறதே, அதே பீசோ விளைவுதான், அதாவது சில பொருள்களை அழுத்தினாலோ வளைத்தாலோ மின்னழுத்தம் பிறப்பது. 1880-இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தது. மெல்லிய பீசோ பட்டையின் நுனியில் எடை கட்டி மோட்டாரின் மேல் பொருத்தினால், பட்டையின் இயல்பு அதிர்வெண்ணும் மோட்டாரின் அதிர்வெண்ணும் ஒத்துப்போகும்போது மட்டுமே நல்ல வெளியீடு வரும். நான்கு துருவ மோட்டார் 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 1,450 சுற்று என்றால் அதிர்வெண் 24 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேல். பட்டையை அதற்கு ஒத்திசைத்து வைத்தோம். ஆனால் ரிங் ஃப்ரேமில் மோட்டாரின் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டர் இருக்கிறது. நூல் சுற்றும் பாபின் தொடங்கும்போது ஒரு வேகம், நடுவில் ஒரு வேகம், முடியும்போது வேறொரு வேகம். அரை ஹெர்ட்ஸ் விலகினாலே பட்டை சோர்ந்துவிடுகிறது.

இதில் இன்னொரு அடிப்படைக் கோளாறும் உண்டு. நல்ல நிலையில் உள்ள மோட்டாரின் அதிர்வு வினாடிக்கு 1 முதல் 2 மில்லிமீட்டர்தான் இருக்கும். மோட்டார் சுற்றும் அந்த வேகத்தில் இதன் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தின் நாற்பதில் ஒரு பங்கு அளவு. கிடைக்கும் ஆற்றல் முடுக்கத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், ஒத்திசைவு கச்சிதமாக அமைந்தாலும் சில பத்து மைக்ரோவாட்டைத் தாண்டாது. மோட்டாரை நாம் எவ்வளவு நன்றாகப் பராமரிக்கிறோமோ அவ்வளவுக்குச் சென்சார் பட்டினி கிடக்கும். பேரிங் கெட்ட பிறகுதான் அதற்கு வயிறு நிறையும். நம் தேவைக்கு இது நேர் எதிரானது.

வெப்பம் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. மோட்டார் உடல் 62 டிகிரி, அறை 32 டிகிரி. 30 டிகிரி வேறுபாடு இருக்கிறதே என்று மகிழ்ந்தோம். ஆனால் அந்த 30 டிகிரியும், இரு பக்க வெப்ப வேறுபாட்டிலிருந்து மின்சாரம் தரும் வெப்பமின் தகட்டின் மேல் விழுவதில்லை. தகடு வெப்பத்தை எளிதாகக் கடத்திவிடுகிறது. அதற்கு மேலே உள்ள ஹீட் சிங்கிலிருந்து காற்றுக்குப் போவதுதான் கடினமாக இருக்கிறது. எனவே வேறுபாட்டின் பெரும்பகுதி ஹீட் சிங்குக்கும் காற்றுக்கும் இடையில் போய்விட, தகட்டின் இரு பக்கங்களுக்கு இடையே 4 டிகிரி போலத்தான் மிஞ்சுகிறது. அந்த 4 டிகிரிக்கு 0.2 வோல்ட் வந்தது. எல்.டி.சி. 3108 போன்ற சில்லு, சிறு டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றின் துணையோடு 20 மில்லிவோல்ட்டிலிருந்தே உயர்த்தித் தரும் என்பதால் அது தடையாகவில்லை. இழப்பெல்லாம் போக ஒரு மில்லிவாட் அளவு கையில் நின்றது. ஆனால் மோட்டார் உடலில் வரிவரியாகத் துடுப்புகள் இருப்பதால் தகடு உட்கார அலுமினியக் கட்டை ஒன்றைக் கடைந்து வைக்க வேண்டியிருந்தது. ஹீட் சிங்கின் இடுக்குகளிலும் பஞ்சு அடைகிறது. தூசி குறைந்த கம்ப்ரசர் அறையில் இதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

பதில் 3: இறுதியாண்டு_மாணவி

வணக்கம். ஆலை முழுவதும் வைஃபை இருக்கிறது என்றால், அந்த ரேடியோ அலைகளிலிருந்தே மின்சாரம் எடுக்க முடியாதா? பேட்டரியே இல்லாமல் கிரிஸ்டல் ரேடியோ கேட்டதாக என் தாத்தா சொல்லியிருக்கிறார். என் இறுதியாண்டுத் திட்டத்துக்கும் இதையே எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பதில் 4: மின்சுற்று_மதுரை

தாத்தா சொன்னது உண்மைதான் அம்மா. அது பல கிலோவாட் திறனுள்ள மீடியம் வேவ் நிலையம், நீண்ட ஏரியல், காதில் வைக்கும் ஹெட்போன் ஆகிய மூன்றும் சேர்ந்ததால் முடிந்தது. வைஃபை பெட்டி அனுப்புவது 100 மில்லிவாட். 2.4 கிகாஹெர்ட்ஸில் 5 மீட்டர் தள்ளி, சாதாரண ஆன்டெனாவுக்கு வந்து சேர்வது அதில் இரண்டரை லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது 0.4 மைக்ரோவாட். வைஃபை இடைவிடாமல் அனுப்புவதும் இல்லை. அத்தனை சிறிய மின்னழுத்தத்தில் டையோடு சரியாகத் திறக்காது என்பதால், வந்ததிலும் பெரும்பகுதி வீணாகிவிடும்.

ஆனால் நாமே ஒரு மூலத்தை வைத்தால் நிலைமை வேறு. பொருள்களில் ஒட்டிய சிறு டேக்குகளை ரேடியோ அலையால் படிக்கும் ஆர்.எஃப்.ஐ.டி. வாசிப்பான் இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய 865–868 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் 4 வாட் வரை வீசலாம். பேட்டரி இல்லாத டேக்குகள் 10 மைக்ரோவாட் அளவு வந்தாலே விழித்துப் பதில் சொல்லிவிடும். திட்டத்துக்கு எடுப்பதென்றால் அந்தத் திசையில் போங்கள், நல்ல வேலையாக அமையும்.

கேள்வி கேட்டவர்: ஆலைப்பராமரிப்பு_கோவை

மதுரை நண்பர் சொன்னபடி மின்தேக்கியை வைத்து அளந்தேன். 3.2 வோல்ட்டிலிருந்து 2.7-க்கு இறங்க 71 வினாடிதான் ஆனது. கசிவைக் கழித்தாலும் 70 மைக்ரோஆம்பியருக்கு அருகில் வருகிறது. காரணமும் தெரிந்துவிட்டது. அளவீடு முடிந்த பிறகும் அதிர்வை அளக்கும் முடுக்கமானிச் சில்லு ஓய்வு நிலைக்குப் போகாமல் அளந்துகொண்டே இருந்திருக்கிறது. சென்சாரைத் தந்தவர்கள் மென்பொருளில் அந்த ஒரு கட்டளையைச் சேர்த்துக் கொடுத்தார்கள். இப்போது அதே சோதனையில் 14 நிமிடம் ஆகிறது, அதாவது 6 மைக்ரோஆம்பியர். அளவீட்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் சராசரிச் செலவு 230 மைக்ரோவாட்டிலிருந்து 23 ஆகக் குறைந்திருக்கிறது. ஓராண்டாக ஃபிட்டர்கள் குனிந்து குனிந்து பேட்டரி மாற்றியது இதற்காகத்தானா என்று மனம் வருந்துகிறது.

இந்த நிலையில் வெளியிலிருந்து ஆற்றல் எடுக்கும் யோசனையையே விட்டுவிடலாமா? ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். முக்கியமான 30 மோட்டார்களில் பத்து நிமிடத்துக்கு நான்கு எண்கள் என்பது எங்களுக்குப் போதவில்லை. நிமிடத்துக்கு ஒருமுறை அதிர்வின் முழு அலைவரிசைப் பிரிப்பும், அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அதிர்வு என்ற விவரமும், வேண்டும். அப்போதுதான் கோளாறு பேரிங்கின் உள்வளையத்திலா வெளிவளையத்திலா என்று பிரித்துச் சொல்ல முடியும்.

பதில் 5: மின்பணி_ஈரோடு

மிக நல்ல அளவீடு. இனிச் சென்சார்களை இரண்டு பிரிவாகப் பாருங்கள்.

23 மைக்ரோவாட் போதும் என்கிற 150 சென்சார்களுக்குச் சுற்றுப்புறத்திலிருந்து ஆற்றலை அறுவடை செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. ஏ.ஏ. அளவுள்ள லித்தியம் தயோனைல் குளோரைடு செல் ஒன்றில் 3.6 வோல்ட்டில் 2.4 ஆம்பியர்-மணி, அதாவது சுமார் 31,000 ஜூல் இருக்கிறது. அதைப் பத்து ஆண்டுகளுக்குப் பரப்பினால்கூட 98 மைக்ரோவாட் வருகிறது. உங்கள் தேவை அதில் கால் பங்குதான். அந்த வகைச் செல் நெடுநாள் சும்மா இருந்தால் உள்ளே ஒரு படலம் படிந்து, திடீரென்று மின்னோட்டம் கேட்கும்போது வோல்ட்டேஜ் சரியும். எனவே பக்கத்தில் ஒரு மின்தேக்கி வைத்து, ரேடியோவின் துடிப்பை அதிலிருந்து கொடுங்கள். சென்சாரின் மின்சுற்று 3.6 வோல்ட்டைத் தாங்குமா என்பதையும் முதலில் கேட்டுவிடுங்கள். செல்லைச் சுடும் மோட்டார் உடலோடு ஒட்டி வைக்காமல், கையளவு கம்பி விட்டுத் தள்ளி வைத்தால் ஆயுள் கூடும்.

அந்த 30 மோட்டார்களுக்குக் கதை வேறு. நிமிடத்துக்கு ஒருமுறை அலைவரிசைப் பிரிப்பைக் கணக்கிட்டு அனுப்ப 30 மில்லிஜூல் ஆகும் என்று வைத்துக்கொண்டால் சராசரி 500 மைக்ரோவாட். ஏ.ஏ. செல்லும் இரண்டு ஆண்டில் தீர்ந்துவிடும். இங்கேதான் அறுவடைக்கு வேலை இருக்கிறது. இதுவரை யாரும் சொல்லாத மூலம் ஒன்று உங்கள் மோட்டாரில் கம்பிகள் வந்து இணையும் டெர்மினல் பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. மோட்டாருக்குப் போகும் கம்பியைச் சுற்றியுள்ள காந்தப் புலத்தைத்தான் சொல்கிறேன்.

15 கிலோவாட் மோட்டார் 415 வோல்ட்டில் முழுச் சுமையில் ஏறத்தாழ 27 ஆம்பியர் எடுக்கும். அந்தக் கம்பியின் மேல் 1,000 சுற்றுள்ள பிளவு வளைய சி.டி. (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்; கம்பியைக் கழற்றாமல் திறந்து மாட்டும் வளையம்) ஒன்றை மாட்டினால் இரண்டாம் சுருளில் 27 மில்லிஆம்பியர் ஓட வேண்டும். அதை 4 வோல்ட்டில் பிடித்தால் 100 மில்லிவாட் கணக்கு வரும். வளையத்தைக் காந்தமாக்கவும் டையோடுகளிலும் பாதிக்கு மேல் போய்விட்டது என்றாலும், உங்கள் தேவையைப்போல் பல பத்து மடங்கு மிஞ்சும். பஞ்சு படிந்தாலும் குறையாது. வேகம் மாறினாலும் ஒத்திசைவு குலையாது. சுமை குறைந்தால்கூட மோட்டார் தன் காந்தமாக்கும் மின்னோட்டத்தை எடுத்தே தீரும். மோட்டார் நின்றால் ஆற்றலும் நின்றுவிடும் என்பது உண்மை. ஆனால் நின்ற மோட்டாரில் அளக்க என்ன அதிர்வு இருக்கிறது? 0.1 ஃபாரட் சூப்பர் கெபாசிட்டர் ஒன்றை வைத்தால், 3.3 வோல்ட்டிலிருந்து 2.2 வரை இறங்குவதற்குள் 0.3 ஜூல் கிடைக்கும். "மோட்டார் நின்றது" என்று கடைசிச் செய்தி அனுப்பவும், சில மணி நேரம் கடிகாரத்தை ஓட்டவும் அது தாராளம்.

இதைச் செய்யும்போது மூன்று இடங்களில் தவறு நேரும், மூன்றையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மூன்று ஃபேஸும் சேர்ந்த கேபிளின் மேல் வளையத்தை மாட்டிவிட்டு ஒன்றும் வரவில்லை என்பார்கள். மூன்று மின்னோட்டங்களும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால் வெளியே புலமே இருக்காது. ஒற்றை ஃபேஸ் கம்பியில்தான் மாட்ட வேண்டும், அது பிரிந்து கிடைப்பது டெர்மினல் பாக்ஸுக்குள்தான். ஸ்டார் இணைப்பில் தொடங்கி டெல்டா இணைப்பில் ஓடும் ஸ்டார்-டெல்டா மோட்டாராக இருந்தால் ஆறு கம்பிகள் வரும். ஓடும் நிலையில் ஒவ்வொன்றிலும் 27-க்குப் பதில் 15 அல்லது 16 ஆம்பியர்தான் போகும். அதற்கேற்பக் கணக்கிடுங்கள்.

இரண்டாவது ஆபத்தானது. சூரியத் தகட்டோடு பழகியவர்கள், சூப்பர் கெபாசிட்டர் நிறைந்ததும் தொடர்பைத் துண்டித்துவிடுவார்கள். சி.டி.யில் அப்படிச் செய்யவே கூடாது. அதன் இரண்டாம் சுருளைத் திறந்து விட்டால் வோல்ட்டேஜ் பல மடங்கு எகிறி மின்சுற்றைச் சுட்டுவிடும், கையை வைத்தால் ஆளையும் அடிக்கும். நிறைந்ததும் மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்சு ஒன்றைக் கொண்டு அதைக் குறுக்கிணைப்பு (ஷார்ட்) செய்துவிட வேண்டும், சி.டி.க்குக் குறுக்கிணைப்புதான் ஓய்வு. நேரடியாகத் தொடங்கும் மோட்டார், தொடங்கும் கணத்தில் ஆறு ஏழு மடங்கு மின்னோட்டம் இழுக்கும் என்பதால், அதையும் தாங்கும்படி மிகை வோல்ட்டேஜைத் தடுக்கும் டி.வி.எஸ். டையோடு ஒன்றைக் குறுக்கே போட்டுவிடுங்கள். இன்வெர்ட்டரில் ஓடும் மோட்டாரில் கிலோஹெர்ட்ஸ் கணக்கில் கூர்முனைத் துடிப்புகளும் வரும். எனவே முதல் சோதனையை இன்வெர்ட்டர் இல்லாத மோட்டார்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, டெர்மினல் பாக்ஸ் இரும்புப் பெட்டி. ரேடியோவை அதற்குள் வைத்தால் செய்தி வெளியே வராது. சி.டி.யை மட்டும் உள்ளே வைத்து, இரண்டு கம்பிகளைத் தனி கிளாண்டு வழியாக வெளியே எடுத்து, சென்சாரைப் பழைய இடத்திலேயே விடுங்கள். உள்ளே 415 வோல்ட் இருக்கிறது. மெயினை அணைத்துப் பூட்டிட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, மின்சாரம் இல்லை என்று சோதித்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். இதை ஃபிட்டரிடம் விடாமல் உரிமம் பெற்ற மின்பணியாளரையே செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்: ஆலைப்பராமரிப்பு_கோவை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. 150 சென்சார்களுக்கும் மென்பொருளை மாற்றும் வேலை தொடங்கிவிட்டது. இருக்கும் பொத்தான் பேட்டரி தீரத் தீர ஏ.ஏ. செல்லுக்கு மாறிவிடுவோம். சி.டி. வழியை, இன்வெர்ட்டர் இல்லாத ப்ளோ ரூம் விசிறிகள் நான்கில் முதலில் பார்க்கிறோம். அவை ஸ்டார்-டெல்டாவில் ஓடுபவை, ஆகவே 15 ஆம்பியர் கணக்கிலேயே வளையத்தைத் தேர்ந்தெடுக்கிறேன். வரும் ஞாயிறு ஆலை நிற்கும்போது முதல் டெர்மினல் பாக்ஸைத் திறக்கிறோம். உள்ளே வளையம் மாட்ட இடம் இருக்கிறதா என்பதை அப்போது அளந்து இங்கேயே எழுதுகிறேன். ஈரோடு நண்பருக்கு ஒரு வேண்டுகோள்: குறுக்கிணைப்பு மாஸ்ஃபெட்டை எந்த வோல்ட்டேஜில் இயக்குகிறீர்கள், மறுபடி எந்த வோல்ட்டேஜில் விடுகிறீர்கள் என்பதைத் தெரிவித்தால் சுற்றை அதற்கு முன்பே மேசையில் செய்து பார்த்துவிடுவேன்.

பதில் 6: மின்பணி_ஈரோடு

3.3-இல் குறுக்கிணைத்து 3.1-இல் விடுகிறேன். மேசையில் சோதிக்கும்போது 15 ஆம்பியர் மின்னோட்டத்துக்கு வெல்டிங் செட் எல்லாம் தேட வேண்டாம். ஒன்றரை ஆம்பியர் ஓடும் ஒரு கம்பியை வளையத்துக்குள் பத்துச் சுற்று சுற்றிவிட்டால் வளையத்துக்கு அது 15 ஆம்பியர்தான்.